மேசைக் கணினி தொடங்க மறுக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ கடையிலோ இருக்கும் மேசைக் கணினி திடீரென ஒரு நாள் தொடங்காமல் போனால் என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பற்றிய கேள்விகளும் விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

கணினி ஆன் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

எதையும் கழற்றுவதற்கு முன், அது எந்தக் கட்டம் வரை வந்து நின்றுபோகிறது என்று பாருங்கள். பழுது பார்ப்பதில் பாதி வேலை இதுதான். இதைச் செய்யாமல் ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) மாற்றுவதும் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வாங்குவதும் பெரும்பாலும் வீண் செலவில்தான் முடிகின்றன.

ஒரு கணினி தொடங்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். சுவரில் ஸ்விட்ச் போட்டதுமே எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டுக்கு (எல்லா உறுப்புகளும் இணையும் முதன்மைப் பலகை) 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பத் தொடங்கிவிடும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை முழுமையாக எழுப்புகிறது. 12, 5, 3.3 வோல்ட்டுகள் எல்லாம் நிலைபெற்றபின், அரை நொடிக்குள் "மின்சாரம் சரியாக இருக்கிறது" என்ற சைகை எஸ்.எம்.பி.எஸ்.ஸிடமிருந்து வருகிறது. அது வந்த பிறகே பிராசசர் விழித்து, பயாஸ் சிப்பில் உள்ள தொடக்க நிரலைப் படித்து, ரேமைச் சோதித்து, கிராபிக்ஸைத் தேடித் திரையில் எழுத்தைக் காட்டுகிறது. கடைசியாகத்தான் ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ உள்ள விண்டோஸைத் தேடிப் போகிறது.

ஆகவே, விசிறியே சுற்றவில்லை என்றால் விண்டோஸைச் சந்தேகிப்பதில் பொருள் இல்லை. அதேபோல், விண்டோஸ் சின்னம் வரை வந்து நிற்கும் கணினிக்கு எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கீழே உள்ள கேள்விகளும் இதே வரிசையில்தான் செல்கின்றன.

பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. விசிறியும் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை.

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். கணினி சொருகியிருக்கும் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கையோ செல்போன் சார்ஜரையோ சொருகிப் பாருங்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்து அது மினுக்குகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போயிருந்தாலும் டெஸ்டர் எரியத்தான் செய்யும். ஆனால் கணினிக்கு மின்சாரம் வராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் யு.பி.எஸ்.ஸிலும் இந்தக் கோளாறு நிறையவே வருகிறது. எனவே அவை இரண்டையும் தவிர்த்துவிட்டு, கணினியை நேராகச் சுவர் சாக்கெட்டில் ஒருமுறை சொருகிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பவர் கேபிள். பெரும்பாலான மானிட்டர்களுக்கும் கேபினட்டுக்கும் ஒரே வகைக் கேபிள்தான் என்பதால், எரிந்துகொண்டிருக்கும் மானிட்டரின் கேபிளைக் கழற்றி இங்கே போட்டுப் பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் கோடும் வட்டமும் போட்ட சின்ன ஸ்விட்ச் இருக்கும். பெருக்கும்போதோ கேபினட்டை நகர்த்தும்போதோ அது வட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுவது உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். ஆகவே அதை 115 பக்கம் ஒருபோதும் தள்ளக் கூடாது. தள்ளினால் பட்டென்று ஒரு சத்தத்தோடு எஸ்.எம்.பி.எஸ். போய்விடும்.

இவையெல்லாம் சரி என்றால் கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்து பாருங்கள். பல மதர்போர்டுகளில் காத்திருப்பு மின்சாரம் வருவதைக் காட்ட ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரியும். அது எரிந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், சந்தேகம் பட்டனின் மேல் போக வேண்டும். கேபினட்டின் முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் செருகப்பட்டிருக்கும். அதன் முனையில் "பவர் ஸ்விட்ச்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டுவிட்டால் கணினி தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் பழுது பட்டனில்தான். அப்படி இருக்கும்போது பயன்படாமல் கிடக்கும் ரீசெட் பட்டனின் ஒயரை அந்த ஊசிகளில் செருகிவிட்டு, ரீசெட் பட்டனையே பவர் பட்டனாகப் பயன்படுத்தலாம். ஒரு பைசா செலவில்லை.

எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டதா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே?

அந்தச் சோதனை உண்மையானதுதான். ஆனால் அது சொல்வது குறைவு. மதர்போர்டிலிருந்தும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி, 24 ஊசி கனெக்டரில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருப்பதைப் பார்த்து, அதையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்தபின் மின்சாரம் கொடுத்தால் எஸ்.எம்.பி.எஸ். ஓட வேண்டும். ஒயர்கள் எல்லாம் கறுப்பாகவே உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஊகத்தில் எதையும் இணைக்காதீர்கள்.

ஓடவில்லை என்றால் அது பெரும்பாலும் பழுதானதே. ஆனால் சுமை குறைவாக இருக்கும்போது விசிறியைச் சுற்றாமல் வைத்திருக்கும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களும் இருக்கின்றன, ஆகவே விசிறியை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு ஒயரில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் அது அளவுக்குள் இருக்கிறது. ஊதா ஒயரில் உள்ள காத்திருப்பு மின்சாரம், கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் காட்ட வேண்டும்.

ஓடிவிட்டால் மட்டும் அது நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்று ஆகிவிடாது. சுமையே இல்லாதபோது 12 வோல்ட் காட்டிவிட்டு, பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும் எஸ்.எம்.பி.எஸ்.கள் ஏராளம். வேலை செய்யும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் வரை போய், பெரிய கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்புகள்) தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். கேபினட்டுக்குள் நீங்கள் தொடும் மற்ற எல்லாம் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும்தான். உயிருக்கு ஆபத்தான இடம் இந்த ஒரு பெட்டிதான்.

பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது.

இது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளலாம். எங்கோ ஷார்ட் அல்லது அளவுக்கு மீறிய இழுப்பு இருப்பதை உணர்ந்து எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. யு.எஸ்.பி.யில் சொருகிய எல்லாவற்றையும் முதலில் பிடுங்குங்கள். முன்பக்க யு.எஸ்.பி. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பென் டிரைவை ஏறுமாறாகச் சொருகியதில் உள்ளே இருக்கும் தகடு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது சில கணினிகளில் தெரியும். அது ஒன்றே கணினியைத் தொடங்கவிடாமல் செய்யப் போதுமானது.

பிறகு ஹார்டு டிஸ்க், டி.வி.டி. டிரைவ், தனி கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்திப் பாருங்கள். எதைக் கழற்றியபோது கணினி நிற்காமல் ஓடுகிறதோ அதுவே காரணம். பிராசசருக்கென்று மதர்போர்டின் மேல் மூலையில் தனியாகச் செல்லும் 4 அல்லது 8 ஊசி கனெக்டர் முழுதாக இறங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு நொடிக்குப் பதிலாகப் பத்து, இருபது நொடி ஓடிவிட்டு அணைகிறது என்றால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் சூடு. இன்டெல் பிராசசரோடு வரும் விசிறி நான்கு பிளாஸ்டிக் ஊன்றுகளால் மதர்போர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று மேலே எழும்பிவிட்டாலும் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பிராசசரைத் தொடாமல் நிற்கும். விசிறி நன்றாகச் சுற்றுவது கண்ணுக்குத் தெரிவதால் யாரும் அந்தப் பக்கம் சந்தேகப்படுவதில்லை. நான்கையும் விரலால் ஆட்டிப் பார்த்தால் தளர்ந்தது எது என்று தெரிந்துவிடும்.

விசிறிகள் எல்லாம் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

சர்வீஸ் கடைக்கு வரும் கணினிகளில் இந்த "நோ டிஸ்பிளே" புகார்தான் மிகுதி. கேட்கும் முதல் கேள்வி: மானிட்டர் என்ன சொல்கிறது? "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, கணினியிலிருந்து படம் வரவில்லை என்று பொருள். மானிட்டரில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. இரண்டும் இருந்தால் சரியான உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் சொருகிவிட்டுப் படம் வரவில்லை என்று திகைப்பவர்கள் பலர். குறிப்பாக வீடு மாற்றி எல்லாவற்றையும் மறுபடி இணைக்கும்போது இது நடக்கும். பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் இன்டெல் பிராசசர்களிலும், 7000 வரிசைக்கு முந்தைய ரைசன் மேசைக் கணினிப் பிராசசர்களில் ஜி என்று முடியாத பெரும்பாலானவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. அவற்றில் மதர்போர்டுத் துளையிலிருந்து ஒருநாளும் படம் வராது. கேபிளைக் கார்டில்தான் சொருக வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் திரை இருட்டாகவே இருந்தால், அடுத்து ரேம். ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்த நம் ஊர்களில் ரேமின் தங்க நிறப் பட்டைகளில் மெல்லிய படலம் படிந்து தொடர்பு விட்டுப்போவது மிகச் சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை இறக்குங்கள். கேபினட்டின் வர்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ரேமின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாக எழும்பும். சில மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே பிடி இருக்கும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, பட்டைகளின் மேல் வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மென்மையாகத் தேய்க்க வேண்டும். ரப்பரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவதுதான் அந்தப் படலம். உதிர்ந்த தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி பட்டைகளில் படியும். ஸ்லாட்டுக்குள்ளும் அதே பிரஷ்ஷால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

திரும்பச் செருகும்போது ரேமின் நடுவில் உள்ள வெட்டு, ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். பிடி "டக்" என்று மூடும் வரை அழுத்த வேண்டும். கையில் கொஞ்சம் பலம் தேவைப்படும். பாதி செருகிய ரேமும் இல்லாத ரேமும் ஒன்றுதான். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு வேறு ஸ்லாட்டில். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ஒரே ரேமைப் போடுவதற்கு ஏற்ற இடம், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே சமயத்தில் மாற்றிக் கணினி ஓடிவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த மாதம் அதே பழுது திரும்பவும் வரும்.

புதிதாக வாங்கிய டி.டி.ஆர்.5 ரேம் கணினிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முதல்முறை தொடங்கும்போதும், ரேம் மாற்றியபோதும், மதர்போர்டு ரேமுக்கு ஏற்ற வேகத்தையும் நேர அளவுகளையும் தேடிக் கண்டுபிடிக்கிறது. அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸ் அமைப்புகளை அழித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ரேமைச் சுத்தம் செய்து பார்த்த பிறகு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்டமான சி.ஆர்.2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவைத்துத் திரும்பப் போடுவது ஒரு வழி. அதற்கென்று உள்ள ஜம்பர் ஊசிகளை ஒன்றோடொன்று இணைப்பது இன்னொரு வழி.

இதில் பலர் எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பும்போது, டிஸ்க் கட்டுப்பாட்டு முறையும், பழைய பூட் (தொடக்க) முறையா புதிய யு.இ.எஃப்.ஐ. முறையா என்ற தேர்வும் மாறிவிடக்கூடும். அதன்பின் திரையில் படம் வரும், விண்டோஸ் மட்டும் வராது. அதைப் புதிய பழுது என்று எண்ணி ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். அமைப்பை முன்பிருந்தபடி வைத்தாலே விண்டோஸ் திரும்ப வந்துவிடும். கணினி நன்றாக ஓடும் காலத்திலேயே பயாஸ் பக்கங்களைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

பீப் சத்தம் வருகிறது. மதர்போர்டில் சின்ன விளக்கு எரிகிறது. இவற்றுக்கு என்ன பொருள்?

பீப் சத்தங்களின் பொருள் பயாஸைச் செய்த நிறுவனத்தைப் பொறுத்தது. அவார்டு பயாஸில் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குறுகிய சத்தமும் வந்தால் கிராபிக்ஸ் கோளாறு. நீண்ட சத்தம் விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்தால் ரேம். ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டுக் குறுகிய சத்தம் கிராபிக்ஸைக் குறிக்கும். இப்போது விற்கும் கேபினட்டுகள் பலவற்றில் இந்தச் சத்தம் எழுப்பும் சின்ன ஸ்பீக்கர் இருப்பதே இல்லை. அது மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள். வாங்கி மாட்டிவைத்தால் அடுத்த பழுதில் பாதி வேலையை மிச்சமாக்கும்.

அண்மைக் கால மதர்போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு விளக்குகள் ஓரத்தில் இருக்கும். தொடங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிலையாக எரிகிறதோ, அந்தக் கட்டத்தில் கணினி நின்றுவிட்டது என்று அர்த்தம். டிராம் என்றால் ரேம்.

காலையில் நான்கைந்து முறை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. ஆனபின் நாள் முழுவதும் நன்றாக ஓடுகிறது. இதை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. ஜெராக்ஸ் கடைகளிலும் டி.டி.பி. நிலையங்களிலும் ஆண்டுக்கணக்கில் ஓடும் கணினிகளில் இது அடிக்கடி வரும், "அதற்கு அப்படித்தான் பழக்கம்" என்று விட்டுவிடுவார்கள். இரவில் அணைக்காமல் விட்டுவிடுவதே தீர்வு என்றும் சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் முதுமையடைந்த கெப்பாசிட்டர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் மதர்போர்டிலும் உள்ள மின்பகுதிரவக் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்து, மின்சாரத்தைச் சீராக்கும் திறனை இழக்கின்றன. குளிர்ந்திருக்கும்போது அவற்றின் உள் தடை இன்னும் மோசமாக இருக்கும். நான்கைந்து முறை அழுத்துவதில் கொஞ்சம் சூடேறியதும் வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் காலையில் மட்டும் இந்தத் தொல்லை. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகுதிரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் பல நிறுவனங்களின் மதர்போர்டுகள் இப்படிப் பழுதாயின. அதன்பின் நல்ல மதர்போர்டுகள் திடநிலைக் கெப்பாசிட்டர்களுக்கு மாறின, ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.களுக்குள் பழைய வகை இன்றும் இருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால், சீரற்ற மின்சாரம் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுக்கும். அங்கே தொலைவது உங்கள் உழைப்பு.

கரண்ட் போய் வந்தது, அல்லது இடி இடித்தது. அதன்பின் தொடங்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி சொருகிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்பு நிலையில் பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபட்டுவிடும். இடியின்போது மின்கம்பி வழியாக மட்டுமின்றி இன்டர்நெட் கேபிள் வழியாகவும் பாய்ச்சல் வரும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டும் ஒருமுறை முயலுங்கள்.

கரண்ட் போகும்போதெல்லாம் யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைகிறது என்றால் பெரும்பாலும் யு.பி.எஸ். பேட்டரி ஓய்ந்துவிட்டது. விலை குறைந்த யு.பி.எஸ்.கள் தரும் படிக்கட்டு வடிவ மின்அலையைச் சில நவீன எஸ்.எம்.பி.எஸ்.கள் ஏற்றுக்கொள்ளாமல் அணைந்துவிடுவதும் உண்டு.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்றால், கணினியை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிகள் சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும்படிதான் வடிவமைக்கப்பட்டுள்ளன. எர்த் இல்லாத வீட்டில் அது போக வழியின்றிக் கேபினட்டிலேயே நிற்கிறது. மூன்று முனைப் பிளக்கில் மேலே உள்ள பெரிய முனை அதற்காகத்தான் இருக்கிறது. அதை உடைத்துவிட்டோ, இரண்டு முனை அடாப்டர் போட்டோ கணினியை ஓட்டக் கூடாது.

ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய்விடுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். தேதி தவறாக இருக்கும்வரை வங்கித் தளங்கள் உட்படப் பல இணையதளங்கள் திறக்க மறுக்கும் என்பதால் மாற்றியதும் தேதியைச் சரிசெய்யுங்கள்.

நிறுவனச் சின்னம் வருகிறது. பிறகு "பூட் டிவைஸ் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து நின்றுவிடுகிறது.

பென் டிரைவ் எதுவும் சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். கணினி அதிலிருந்து தொடங்க முயன்றுகொண்டிருக்கலாம். பிறகு பயாஸுக்குள் சென்று, உங்கள் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.யின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையையோ பூட் முறையையோ திருத்தினால் போதும். தெரியவில்லை என்றால் சாட்டா கேபிளை (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ஒயர்) மாற்றி, வேறு துளையில் சொருகிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து கடிகாரம் போல் "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அதன் படிப்பு முனை இடம் தேடித் தடுமாறிக்கொண்டிருக்கிறது. ஓட ஓடத் தரவு மேலும் அழியும்.

விண்டோஸ் சின்னம் வந்து புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது நீலத்திரை வருகிறது.

இந்தக் கட்டம் வரை வந்த கணினியில் எஸ்.எம்.பி.எஸ்., ரேம், கிராபிக்ஸ் எல்லாம் அடிப்படையில் வேலை செய்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான ஒரு கோப்பினால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கணினிகளின் உறுப்புகளில் எந்தப் பழுதும் இல்லை. சேஃப் மோடில் (அடிப்படைத் தேவைகள் மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) நுழைந்து அந்தக் கோப்பை நீக்கியதும் அவை தொடங்கின.

உங்கள் கணினிக்கும் அதே வழிதான். சின்னம் தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை இப்படி நின்றுபோனால், அடுத்த முறை விண்டோஸ் தானாகவே பழுதுபார்ப்புத் திரைக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குதல், சிஸ்டம் ரிஸ்டோர், சேஃப் மோடு ஆகியவை இருக்கும். முதல் மூன்றையும் இதே வரிசையில் முயன்றுவிட்டுச் சேஃப் மோடுக்குப் போங்கள். சேஃப் மோடு திறந்துவிட்டால், அண்மையில் நிறுவிய டிரைவரோ ஆன்டிவைரஸோதான் பெரும்பாலும் காரணம்.

48 இலக்க எண் கேட்டு நீலத்திரை வந்தால் பதற வேண்டாம். டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் செயல்பட்டிருக்கும் கணினியில் பயாஸ் அமைப்போ மதர்போர்டோ மாறினால் அது வரும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த எண் இல்லாமல் யாராலும் அந்தத் தரவை மீட்க முடியாது. ஆகவே கணினி நன்றாக இருக்கும்போதே அதைக் காகிதத்தில் எழுதிவைப்பது அவசியம்.

ஃபார்மேட் செய்ய வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். சரி என்று சொல்லலாமா?

உங்கள் கோப்புகள் வேறு ஒரு டிஸ்க்கில் ஏறிய பிறகு சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். "சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்பார்கள். ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் எல்லாமும், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களும், பெரும்பாலான கணினிகளில் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்களின் தரவும் பல இடங்களில் அங்கேயே இருக்கும்.

தமிழில் தட்டச்சு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் காப்பாற்ற வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், ஃபார்மேட்டுக்குப் பின் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி அழித்துவிடுகிறார்கள். பத்தாண்டுகளாகச் சேர்த்த திருமண அழைப்பிதழ் மாதிரிகளும், வினாத்தாள்களும், கோயில் மலர்களும் இப்படித் தொலைந்துபோவது மனத்தை வருத்துகிறது. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்துக்கொண்டால் இந்தக் கதி நேராது.

விண்டோஸ் தொடங்காவிட்டாலும் நகலெடுக்க வழி உண்டு. இன்னொரு கணினியில் உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்கி, "நிறுவாமல் முயன்று பார்" என்பதைத் தேர்ந்தால், பிட்லாக்கர் பூட்டு இல்லாத டிஸ்க்கின் கோப்புகள் திறந்து நகலெடுக்கக் கிடைக்கும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டுவதும் எளிது. டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் செக்டிஸ்க் போன்ற திருத்தும் கட்டளைகளை ஓட்டாதீர்கள். அவை டிஸ்க்கை முழுக்கப் படித்தும் எழுதியும் திருத்த முயலும். தள்ளாடும் டிஸ்க் அதிலேயே விழுந்துவிடலாம். முதலில் நகல், பிறகுதான் திருத்தம்.

எப்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டும்? அங்கே என்ன கேட்க வேண்டும்?

எரிந்த வாடை வந்தாலோ, மதர்போர்டில் கருகிய இடம் தெரிந்தாலோ, எஸ்.எம்.பி.எஸ்., ரேம் இரண்டையும் மாற்றிப் பார்த்தும் படம் வராவிட்டாலோ வீட்டில் மேலும் முயல வேண்டாம். மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவு வந்தால் பிராசசர் எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அந்தப் பழைய மதர்போர்டைத் தேடி வாங்கி மாட்டுவதற்கு ஆகும் தொகையைப் புதிய கணினிக்கு வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

கொடுக்கும்போது கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எதையெல்லாம் முயன்றுவிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் லேபிள்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய உறுப்பின் பழையதைத் திரும்பத் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். திரையே வராத பழுது என்றால் டிஸ்க் இல்லாமலேயே அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். ஆகவே ஹார்டு டிஸ்க்கையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, கேபினட்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.